வாசலில் நாலு மிளகாய்ச் செடி

தோட்டத்துத் தாய்மார்களே,

சென்ற மாதம் ஒரு கர்ப்பிணிப் பெண் மயக்கம் என்று மருந்தகத்துக்கு வந்தார். பார்த்தால், ரத்தம் குறைவு. "தினமும் கீரைதான் சாப்பிடுறேன் சார்" என்றார். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணியும் குடிக்கிறாராம். கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாமல் தடுப்பதே அந்தத் தேத்தண்ணிதான். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். இரும்பைச் சேர வைப்பது வைட்டமின் சி. எடைக்கு எடை பார்த்தால், ஆரஞ்சுப் பழத்தைவிடப் பச்சை மிளகாயில் அது அதிகம். கொதிக்கக் கொதிக்கப் போய்விடும் சத்து அது. அதனால் கீரையை இறக்கிய பிறகு பச்சையாக நறுக்கிப் போட்டு, எலுமிச்சையும் பிழியுங்கள். அதற்காக நான் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! வயிற்றில் எரிச்சல் உள்ளவர்களுக்கு எலுமிச்சை, மிளகாய் இரண்டும் ஒத்துக்கொள்ளாது, கொய்யாப்பழம் போதும்.

பழுத்த மிளகாயின் விதையை நிழலில் உலர்த்தி விதையுங்கள். நாற்றில் நாலைந்து இலை வந்ததும் பிடுங்கி நடலாம். மூன்று மாதத்தில் காய் பறிக்கலாம். இலை சுருண்டால் அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள், பூச்சி இருக்கும். சுருண்ட தளிரைக் கிள்ளி எறிந்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். தோட்டத்துப் பூச்சி மருந்தை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது.

எதில் நடுகிறீர்கள் என்பதுதான் என் கவலை. லயத்துப் பக்கம் போனால், களைக்கொல்லி வந்த டின்னை வெட்டிச் செடி வைத்திருக்கிறார்கள். சிலர் அதிலேயே தண்ணீர் மொள்ளுகிறார்கள். பாராகுவாட்டை மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தாயிற்று. பழைய டின் இன்னும் மூலையில் கிடக்கலாம். அந்த மருந்து ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரலைக் கெடுத்துவிடும், மாற்று மருந்து கிடையாது. பிள்ளைக்கு எது தண்ணீர் டின், எது மருந்து டின் என்று தெரியுமா? எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். மண்டோரிடம் ஒப்படையுங்கள். சமையல் எண்ணெய் டின்னில் அடியில் நாலு ஓட்டை போட்டால் போதுமே.

குளிர் நாட்டில் பனிக்காலத்தில் செடியை வீட்டுக்குள் தூக்கி வைத்துக் காப்பாற்றுவார்கள். நமக்கு மழைதான் எதிரி, வேர் அழுகிப் போகும். வருஷக் கடைசி மழையில் செடியைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, கிளைகளை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். தண்ணீரைக் குறையுங்கள். மழை விட்டதும் மக்கிய மாட்டெரு போட்டால் மறுபடி துளிர்க்கும். ஒரே செடி இரண்டு வருஷம்கூடக் காய்க்கும். அடியில் தட்டு மட்டும் வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஏடீஸ் கொசு ஒரே வாரத்தில் பெருகி டிங்கியைக் கொண்டுவரும்.