பேசா நோயாளி

பத்து வயது கடந்த நாய் உணவை மறுத்தால், ‘வயதாகிவிட்டது’ என்று பலர் விட்டுவிடுகின்றனர். முதுமை நோயன்று. வாந்தியோ கழிச்சலோ 3 வாரங்களுக்கு மேல் நீடித்தால், கால்நடை மருத்துவர் அதனை நாள்பட்ட நோயாகக் கருதிக் காரணத்தைத் தேடுவார். நாய் தன் துன்பத்தைச் சொல்லாது. ஆகவே அவர் வீட்டாரிடமே வினவுவார்.

வயிற்றை எக்கிக் கக்கினால் அது வாந்தி. உண்டது முயற்சியின்றி வெளிவந்தால் எதுக்களிப்பு. இஃது உணவுக்குழாயின் கோளாறாக இருக்கலாம். மலமும் செய்தி கூறும் (அருவருப்பு வேண்டா!). மிகுதியாகக் கழிந்து உடல் மெலிந்தால் சிறுகுடலையும், சிறிது சிறிதாகப் பலமுறை முக்கிச் சளியுடன் கழிந்தால் பெருங்குடலையும் ஐயுறலாம்.

மலச்சோதனை குடற்புழுக்களைக் காட்டும். முதிய நாய்க்குக் குருதிச் சோதனை இன்றியமையாதது. சிறுநீரகம் பழுதுற்றாலும் வாந்தி வரும். அப்போது குடலுக்கு மட்டும் மருந்து தருவதால் பயனில்லை. பின்னர் ஸ்கேன். அதிலும் விளங்காவிடின், நாய் முன்பு உண்டறியாத இறைச்சி கலந்த உணவை மட்டும் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பர். இடையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை கெடும். கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டுச் சிறுவரே!

சொற்பொருள்: குருதி – இரத்தம்; ஐயுறுதல் – சந்தேகித்தல்.

பயிற்சி: வாந்தி, எதுக்களிப்பு – வேறுபடுத்தி எழுதுக.