மருந்து முடிந்த பிறகு

 

மார்புப் புற்றுநோய் பற்றி நம் ஏட்டில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நோய் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு வெட்கம் என்ன செய்யும்? ரண சிகிச்சை, கீமோதெரபி, கதிர் சிகிச்சை எல்லாம் முடிந்து, "இனி மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் சொன்னதும் நாம் பேரேட்டை மூடிவிடுகிறோம். ஆனால் பல மாதர்களுக்கு மனக் கஷ்டம் அப்பொழுதுதான் தொடங்குகிறது. சிகிச்சைக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு நடக்கவே நேரம் சரியாயிருக்கும். முடிந்த பிறகு, மீண்டும் வந்துவிடுமோ என்ற பயம் இராத்தூக்கத்தைக் கெடுக்கும். சாதாரண முதுகு வலியும் நடுங்கச் செய்யும்.

1952-இல் அமெரிக்காவில் டெரீஸ் லாஸர் என்ற மாது ரண சிகிச்சையில் ஒரு மார்பை இழந்தார். (அவர் கணவர் வருமான வரிப் புத்தகம் எழுதிப் பெயர் பெற்ற கணக்கர், நம்மில் சிலருக்கு அப்பெயர் தெரிந்திருக்கலாம்.) அக்காலத்தில் கட்டி மட்டும் போகுமா, மார்பே போகுமா என்பது பல நோயாளிகளுக்கு மயக்கம் தெளிந்த பிறகே தெரியும். அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லுவாரில்லை. ஆகவே, அதே சிகிச்சை பெற்ற மற்ற மாதர்களின் படுக்கையருகே அவரே போய் உட்காரத் தொடங்கினார். கையைப் பழக்க ஒரு பந்தும் கயிறும் கொண்டு போவார். 'ரீச் டு ரிகவரி' என்ற அந்த முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவிற்று. நோயைத் தாண்டி வந்த ஒருத்தியின் வார்த்தைக்குள்ள பலம், பழக்கூடையோடு வரும் உறவினர் பத்துப் பேரின் வார்த்தைக்கு இல்லை.

கீமோதெரபி மருந்துகள் பலவற்றில் இரண்டு மூன்று வாரத்தில் முடி உதிரத் தொடங்கும். "முக்காடு இருக்கிறதே, யாருக்குத் தெரியும்?" என்று நம்மவர்கள் ஆறுதல் சொல்வார்கள். முக்காடு தெருவுக்குத்தான். அதை அவள் எடுப்பது கணவன் முன்னிலையில். அங்கேதான் அவள் கூசுகிறாள். கணவனோ, வலிக்குமே என்று விலகிப் படுக்கிறான். அருவருத்து விலகுகிறான் என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். இருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு புடவை எடுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற நம் வியாபாரப் புத்தி இதற்கு உதவாது. "வலிக்குமோ என்று பயந்துதான் விலகினேன்" என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அவள் அழுதால், "ஸபர் செய்" என்று வாயை அடைக்காதீர்கள். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் கண் வெளுத்துப்போகும்வரை வருந்தினார்கள். அழகிய பொறுமையை நாம் கற்றதும் அவர்களிடமிருந்துதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, பிள்ளைகளிடமும் பேச்சின்றி இருந்தால் அது ஈமான் குறைவன்று. வைத்தியம் வேண்டிய நோயாயிருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: சிலருக்கு டமாக்ஸிஃபென் மாத்திரையை ஐந்து முதல் பத்து ஆண்டுவரை கொடுப்பார்கள். அதனால் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். மனச்சோர்வு மாத்திரைகளில் சில, இந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். ஆகவே வேறு கிளினிக்கில் மாத்திரை வாங்கப் போகும்போது, டமாக்ஸிஃபென் சீட்டையும் கையில் கொண்டு போங்கள்.