எலிக்கு 3 வாரம், யானைக்கு 22 மாதம்

கேள்வி: எங்கள் வீட்டு எலி மாதாமாதம் குட்டி போடுகிறது. பன்னேர்கட்டா பூங்கா யானைக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? (வாசகி, பெங்களூரு)

பதில்: எலிக்குப் பூனை, ஆந்தை, பாம்பு என்று எல்லாமே எமன். ஒரு வருடம் தாண்டினாலே அதிர்ஷ்டம். அதனால் தின்றதையெல்லாம் குட்டியாக்கிவிடுகிறது: 3 வாரக் கர்ப்பம், ஈற்றுக்கு ஏழெட்டுக் குட்டி, ஈன்ற மறுநாளே மறுபடி சினை. பெண் குட்டி மூன்றே மாதத்தில் தானும் தாய்! சின்ன உடம்பு சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது, அதுவும் ஒரு வசதி.

வளர்ந்த யானையைப் புலிகூடச் சீண்டாது. அறுபது வயதுவரை வாழலாம், என்ன அவசரம்? 22 மாதம் சுமந்து ஒரே கன்று. அடுத்தது நாலைந்து வருடம் கழித்து. தந்தத்துக்காக யானையைக் கொன்றால் இழப்பு லேசில் ஈடாகாததும் இதனால்தான்.

வீட்டில் எலியைக் குறைக்கப் பொறியை மட்டும் நம்பாதீர்கள், அம்மா. குப்பைக்கூடையை மூடுங்கள். தீனி குறைந்தால் ஈற்றும் குறையும்.