சில்வா என்றால் வெள்ளியா?

கேள்வி: துறைமுகத்தில் என்னோடு வேலை செய்தவர்களில் பிரவுண், சில்வா, கலுஆராச்சி என்று நிறப்பெயர்க்காரர் பலர். தமிழருக்கு ஏன் அப்படி இல்லை?
– வாசகர், திருகோணமலை

பதில்: பிரவுண் நிறம்தான். இங்கிலாந்தில் முடியையோ தோலையோ பார்த்து வைத்த பட்டப்பெயர் பரம்பரைக்கே ஒட்டிக்கொண்டது. 1957 வரை திருகோணமலையில் தளம் வைத்திருந்த பிரிட்டிஷ் கடற்படையில் இத்தகைய பெயர்களுக்குப் பஞ்சம் இருந்திராது. சில்வாவை விட்டுவிடுங்கள், அது போர்த்துக்கேயர் கொண்டுவந்த 'காடு'. கலுஆராச்சியில் 'கலு' கறுப்பு, ஆராச்சி பழைய பதவி. கருணாரத்னவில் கறுப்பைத் தேடவேண்டாம், அது கருணை.

நமக்குக் குடும்பப்பெயரே கிடையாதே! நிறம் இருப்பது ஆளின் சொந்தப் பெயரில். நீலகண்டன் கோணேசரின் கழுத்து நஞ்சு. கறுப்பையா பெரும்பாலும் காவல் தெய்வம். மேனி நிறம் பார்த்து வைத்தது வெள்ளைக்குட்டி போன்றவைதான். வெள்ளைக்குட்டியின் மகன் வேலாயுதம் பதிவேட்டில் வெ. வேலாயுதம் ஆவார். பேரனுக்கு அந்த 'வெ'யும் மிஞ்சாது.