தோளில் படிந்த சுண்ணாம்பு

அன்புள்ள கயல்விழிக்கு,

கிட்னிக் கல்லை உடைக்கும் ஷாக் வேவ்தான் தோளில் இருக்கும் கல்லையும் உடைக்கிறதா என்று கேட்டிருந்தாய். பிசியோதெரபி படிப்பவள் கேட்க வேண்டிய கேள்விதான். கருவி அங்கிருந்து வந்தது, வேலை வேறு.

1980 பிப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசியின் குழு முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைக் கத்தியில்லாமல் நொறுக்கியது. கருவியைச் செய்தது டோர்னியர் என்ற ஜெர்மன் விமானக் கம்பெனி. அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகம் என்ன ஆகிறது என்று ஆராயப் போய்ச் சிக்கிய விஷயம்! தோளுக்கு அது வந்தது 1990-களில்.

தோளில் கால்சியம் படிவது பெரும்பாலும் சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணில், எலும்போடு ஒட்டும் இடத்துக்குச் சற்று முன்னால். முப்பதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் பார்ப்பாய். "கால்சியம் மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்று கேட்பார்கள். சாப்பிடும் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆண்டுக்கணக்கில் அது சும்மாவே கிடக்கலாம். உடம்பு தானாகக் கரைக்கத் தொடங்கும்போதுதான் வலி உச்சத்துக்குப் போகும்: அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. அப்போது ஊசியால் உறிஞ்சினால் பற்பசை மாதிரி வெள்ளையாக வரும். அந்த நிலையில் ஷாக் வேவ் வேண்டாம். வலி மாத்திரையும் ஓய்வும் போதும், கரைதல் நடந்துகொண்டிருக்கிறது. மாத்திரை, உடற்பயிற்சி எல்லாம் பார்த்தும் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் படிவுக்குத்தான் இந்தச் சிகிச்சை. அலை அதை அடித்துத் தூளாக்குவதில்லை. தசைநாணின் செல்களைத் தூண்டிவிடுகிறது, கால்சியத்தை உறிஞ்சிக்கொள்வது உடம்பு என்பதே இன்றைய விளக்கம்.

கருவியில் இரண்டு வகை. குவி அலைக் கருவி ஆழத்தில் ஒரே இடத்தில் சக்தியைச் சேர்க்கும். ரேடியல் என்பதில் அழுத்தக் காற்று ஓர் இரும்புக் குண்டைத் தள்ளி முனையில் மோதவைக்கிறது. 'டக் டக்' என்று சத்தம் பெரிது, ஆழம் போகப்போக வலு குறையும். விலை மலிவு என்பதால் சின்ன கிளினிக்குகளில் நீ பார்ப்பது பெரும்பாலும் இதுதான். கறாராகச் சொன்னால் அது ஷாக் வேவே இல்லை.

2003-இல் வெளியான ஓர் ஆய்வில் 144 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: அதிக சக்தி, குறைந்த சக்தி, வெறும் பாவனை. அதிக சக்தி வாங்கியவர்களே மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆனால் 2020-இல் கோக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தோள் தசைநாண் நோய்க்கு இதனால் பெரிய பலன் தெரியவில்லை என்றது. எக்ஸ்ரேயில் கால்சியம் தெரியாத தோளுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

கர்ப்பிணியா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, அந்த இடத்தில் கட்டி உண்டா என்று கேட்காமல் ஜெல் தடவாதே. சக்தியை மெல்ல ஏற்று. இரண்டு மூன்று நாள் வலி கூடலாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பு. மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரேயில் வெள்ளை மிச்சமிருந்தாலும், வலியில்லாமல் கை மேலே போகிறதென்றால் அடுத்த சிட்டிங்குக்குத் தேதி கொடுக்காதே.

அன்புடன்,
அத்தை