வாய்ப் புற்றுநோயும் நம் உணவும்

முன்னுரை

திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் இரவு முறை வேலை பார்ப்போரில் நம் வயதினர் பலர். தூக்கத்தை விரட்டப் புகையிலைப் பொட்டலத்தை நாடுவோரும் அவர்களுள் உண்டு. அதே மாவட்டத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், 1969-இல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. வாய்ப் புற்றுநோயை உணவால் தடுக்க இயலுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் காரணம்

புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. பாக்கிலுள்ள அரிகோலின் வாயின் உட்சவ்வை இறுகச் செய்கிறது; நாளடைவில் வாயைத் திறப்பதே அரிதாகும். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. பலருக்கு முதல் அறிகுறி, கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெள்ளைத் திட்டாகும்.

ஆய்வுகள் கூறுவன

அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் கன்னப்பையில் புற்றூக்கிப் பொருளைப் பூசி, தக்காளி, பூண்டு, வேப்பிலை ஆகியவற்றின் விளைவை ஆராய்ந்தனர். கட்டிகள் தோன்றுவது குறைந்தது. ஆயினும் எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும் என்று உடனே கூறிவிட இயலாது.

கேரளத்தில் வெள்ளைத் திட்டுடைய புகையிலைப் பழக்கத்தினருக்கு ஸ்பைருலினா பாசி நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் ஓராண்டு கொடுக்கப்பட்டது. 1995-இல் வெளிவந்த முடிவின்படி, உண்ட 44 பேரில் 20 பேருக்குத் திட்டு முற்றிலும் மறைந்தது. உண்ணாத 43 பேரில் மூவருக்கே மறைந்தது. ஆனால் பாசியை நிறுத்திய ஓராண்டுக்குள் அந்த 20 பேரில் 9 பேருக்குத் திட்டு மீண்டும் வந்தது!

மஞ்சளின் குர்க்குமின் உடலில் எளிதில் சேர்வதில்லை. மிளகின் பிப்பெரின் அதனை மிகுவிக்கும் எனப் பெங்களூர் ஆய்வு 1998-இல் காட்டியது. நம் குழம்பில் இரண்டும் உண்டு. எனினும் குழம்பு மருந்தாகிவிடாது.

ஓர் எச்சரிக்கை

இயற்கைப் பொருளை மாத்திரையாக்கி மிகுதியாக உண்பது தீங்காகவும் முடியலாம். பின்லாந்தில் புகைபிடிப்போருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது, நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. கூடியது என 1994-இல் தெரியவந்தது.

முடிவுரை

கீரையும் காய்கனியும் உடலுக்குத் துணை செய்யும், புகையிலையை மன்னிக்கமாட்டா. ஒரு கையால் நஞ்சையும் மறு கையால் மருந்தையும் உண்பதில் பயனில்லை. வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ திட்டோ இருப்பின் மருத்துவரிடம் காட்டவேண்டும். வெறும் கண்ணால் வாயைச் சோதித்தலே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே இறப்பைக் குறைக்கும் எனத் திருவனந்தபுரம் ஆய்வு 2005-இல் மெய்ப்பித்தது. பொட்டலத்தை விடுவோம், வாயைக் கண்ணாடியில் பார்ப்போம், வேலைக்குச் செல்லும் நண்பர்க்கும் இதனை எடுத்துரைப்போம்.