கண்ணாடிக் கூடும் வியாபார நாணயமும்



லேசர் இயந்திரத்தால் பெயர்ப்பலகை வெட்டும் சகோதரர்கள், அதிலேயே மூக்குக் கண்ணாடிக் கூடும் செய்யலாம்.

கண்ணாடியை மடித்து நீளம், அகலம், உயரம் அளந்து, ஒவ்வொன்றிலும் 5 மில்லிமீற்றர் கூட்டுங்கள். உள்ளே ஒட்டும் துணிக்கு அந்த இடம் வேண்டும். முதலில் காட்போட் மட்டையில் வெட்டிப் பாருங்கள். சரியென்றால் 3 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். பலகையில் வெட்டுங்கள். மூடி வளையும் இடத்தில், செங்கல் அடுக்கியதுபோல மாறி மாறி நெருக்கமாகக் கீறல் வெட்டினால் பிணைச்சல் தேவையில்லை. பட்டை போட்டுப் பதனிட்ட தோலிலும் கூடு செய்யலாம்.

"நானா, றெக்சினில் வெட்டித் தோல் என்று விற்றால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது என்றேன். றெக்சின் பெரும்பாலும் பி.வி.சி. பூசியது. லேசர் பட்டால் ஐதரசன் குளோரைட்டு வாயு கிளம்பும். அது வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். தோல் என்று சொன்னால் பொய்யும் சேரும்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டவர்கள் நாம். திரும்பி வந்து கடை திறந்தபோது, பழைய வாடிக்கையாளரை அழைத்து வந்தது நம் நாணயம்தான். அதை ஒரு கண்ணாடிக் கூட்டுக்காக விற்றுவிடாதீர்கள். பறகத் தருபவன் அல்லாஹ்.